வன்பொருள் பிழையைச் சொற்களில் அச்சிடும் கர்னல் பேட்ச்: எதைப் பார்ப்பது, எங்கே கையெழுத்திடுவது?

நீங்கள் கேட்டது இது: ஒருவர் லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) உள்ள ஒரு டிரைவருக்குப் பேட்ச், அதாவது நிரல் திருத்தம், அனுப்பியிருக்கிறார். வன்பொருளுக்குள்ளேயே பதிந்த மென்பொருளான ஃபர்ம்வேர் தரும் பிழைப் பதிவில் ஒரு பைட், பிழையின் வகையைக் குறிக்கிறது. இதுவரை அது வெறும் ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்ணாக, கர்னலின் செய்திப் பதிவான லாகில் அச்சானது. பேட்சுக்குப் பிறகு 'கேஷ் பிழை', 'பஸ் பிழை' என்று பெயர்களாக அச்சாகும். பெயர்களின் பட்டியல் ஒன்று, அந்தப் பெயர்களை ஒரு பஃபரில் (தற்காலிக நினைவக இடம்) வரிசையாக ஒட்டும் ஃபங்ஷன் ஒன்று, அதை அழைக்கும் இடங்கள் இரண்டு; மொத்தம் 80 வரிகூட இல்லை. உங்களுக்கு சி மொழி நன்றாகத் தெரியும், வன்பொருள் அவ்வளவாகத் தெரியாது. இதை மதிப்பாய்வு செய்யும் தகுதி எனக்கு உண்டா என்று கேட்கிறீர்கள். உங்களை உறுத்துவது தகுதி அல்ல என்று நினைக்கிறேன். பேட்ச் கம்பைல் ஆகிறது, அச்சாகும் வரியும் அழகாக இருக்கிறது; அப்படியிருந்தும் அந்த வரி பொய் சொல்லுமா, சொன்னால் அதை எப்படிப் பிடிப்பது என்பதுதான் உங்கள் கேள்வி.

என் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். சர்வர்களின் பிழைப் பதிவுகளைப் படித்து, எந்த நினைவகத் தட்டைக் கழற்றலாம், எந்த அட்டையை மாற்றலாம் என்று சொல்வது பல ஆண்டுகளாக என் வேலை. கர்னல் பேட்ச் படிக்கும் பழக்கம் அதன் வழியாக வந்ததுதான். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி செயலி வகை) சர்வர்களும், அட்டைகளை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸும் எனக்குப் பழகிய இடங்கள். ஆர்ம் என்ற மற்றொரு செயலி வகையின் பக்கம் படித்த அளவுக்குக் கைவைத்ததில்லை. உங்கள் பேட்ச் தொடும் சாதனத்தின் ஆவணத்தையும் நான் பார்க்கவில்லை. ஆகவே எதை அடித்துச் சொல்கிறேன், எது என் விருப்பம் மட்டுமே என்பதை அந்தந்த இடத்தில் பிரித்தே சொல்கிறேன்.

அடித்துச் சொல்லக்கூடியது ஒன்று: பெயர் வரட்டும், ஆனால் எண் போகக் கூடாது. ஹெக்ஸ் எண் சாதனம் கொடுத்த வாக்குமூலம். பெயர் அந்த வாக்குமூலத்துக்கு நாம் எழுதிய உரை. உரை தவறாக இருந்தால் மூலத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். மூலத்தைத் தூக்கி எறிந்துவிட்டு உரையை மட்டும் அச்சிட்டால் திருத்த வழியே இல்லை. உங்கள் பேட்சில் அச்சிடும் வரி எண்ணை நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் வைத்திருந்தால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் அதைத் திருப்பி அனுப்பப் போதுமான காரணம் அதுவே.

இது வெறும் எச்சரிக்கை உணர்வு அல்ல. நடந்த கதைகள் இருக்கின்றன. ஃபர்ம்வேருக்கும் இயங்குதளத்துக்கும் இடையிலான பொதுத் தரமான யுஇஎஃப்ஐயின் வரையறை ஆவணத்தில் ஆர்ம் செயலிக்கான பிழைப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'வகை' என்று ஒரு பைட் உண்டு. 2.9 பதிப்பு வரை ஆவணம் கேஷ் பிழை, டிஎல்பி (முகவரி மாற்றங்களை நினைவில் வைக்கும் கேஷ்) பிழை, பஸ் பிழை, நுண்கட்டமைப்புப் பிழை என்று நான்கு பெயர்களை அடுக்கியதே தவிர, எந்தப் பெயருக்கு எந்த மதிப்பு என்று சொல்லவில்லை. கர்னல் அவற்றை 0, 1, 2, 3 என்று எடுத்துக்கொண்டது. யார் படித்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள். பிறகு வந்த 2.9ஏ திருத்தம், அவை மதிப்புகள் அல்ல, பிட்கள் என்று விளக்கியது: பிட் 1 என்றால் கேஷ், பிட் 2 என்றால் டிஎல்பி, பிட் 3 பஸ், பிட் 4 நுண்கட்டமைப்பு. இப்போது அந்தப் பைட்டில் 2 என்ற எண் வருகிறது என்று வையுங்கள். பழைய வாசிப்பில் அது பஸ் பிழை. புதிய வாசிப்பில் பிட் 1 எழுந்திருக்கிறது, அதாவது 1 ஆகியிருக்கிறது (0 முதல் எண்ணும்போது பிட் 1இன் மதிப்பு 2), ஆகவே கேஷ் பிழை. ஒரே எண், இரண்டு நோய். எண்ணும் கூடவே அச்சாகியிருந்தால், எந்தக் கர்னல், எந்த ஃபர்ம்வேர் என்று விசாரித்து உண்மையைக் கண்டுபிடிக்கலாம். பெயர் மட்டும் இருந்தால் தவறான பாகத்தைக் கழற்றிக்கொண்டிருப்போம்.

ஏஎம்டி பக்கத்தில் இன்னொன்று நடந்தது. ஜென் வரிசையோடு வந்த புதிய பிழைக் கட்டமைப்புக்குக் கர்னலில் நீண்ட பெயர்ப் பட்டியல்கள் இருந்தன. பிழை எண்ணைக் கொடுத்தால் அழகான ஆங்கில வாக்கியம் கிடைக்கும். ஏற்கெனவே உள்ள பிட்களின் பொருள் மாறாது என்ற உறுதியின் மேல் எழுதப்பட்ட பட்டியல்கள் அவை. சில செயலிகளில் அந்த உறுதி காக்கப்படவில்லை. அடையாளம் மாறாமலேயே சில பிட்களின் பொருள் மாறிவிட்டது. கர்னல் தவறான வாக்கியத்தைத் தயக்கமின்றி அச்சிட்டது. கடைசியில் அந்த வாக்கியப் பட்டியல்களையே கர்னலிலிருந்து நீக்கி, அந்த வேலையை வெளியே உள்ள கருவிகளுக்கு விட்டுவிட்டார்கள்.

ஆகவே உங்கள் முதல் வேலை சி நிரலைப் படிப்பது அல்ல. பெயர்ப் பட்டியலை ஒரு பக்கமும் சாதனத்தின் ஆவணத்தை மறுபக்கமும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிட்டாக விரல் வைத்து ஒப்பிடுங்கள். சலிப்பான வேலை, ஆனால் இதற்கு வன்பொருள் அறிவு தேவையில்லை, பொறுமை போதும். ஆவணம் பிட்களை 0 முதல் எண்ணுகிறதா, 1 முதலா? இரண்டு பிட்கள் சேர்ந்து ஒரு மதிப்பைக் குறிக்கும் இடத்தை பேட்ச் இரண்டு தனிக் கொடிகளாக (ஆம்/இல்லை பிட்களாக) எடுத்துக்கொண்டிருக்கிறதா? ஆவணத்தின் எந்தப் பதிப்பு, எந்தப் பகுதி என்று பேட்சின் விளக்கத்தில் எழுதியிருக்கிறதா? எழுதவில்லை என்றால் கேளுங்கள். ஆவணம் பொதுவில் கிடைக்காது என்று பதில் வந்தால், பட்டியலை உங்களால் சரிபார்க்க முடியவில்லை என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். அது உங்கள் குறை அல்ல.

அடுத்தது, ஒரு புலத்தை நம்பலாமா என்று சொல்லும் செல்லுபடிக் கொடி. பிழையைப் பதிவு செய்யும் வன்பொருள் எல்லாப் புலங்களையும் எப்போதும் நிரப்புவதில்லை. எக்ஸ்86 செயலியில் ஒவ்வொரு பிழை வங்கிக்கும் (செயலியின் ஒரு பகுதியின் பிழைகளைப் பதியும் தொகுதி) 64 பிட் நிலை ரெஜிஸ்டர், அதாவது செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடம், ஒன்று உண்டு. அதில் பிட் 63 எழுந்திருந்தால்தான் உள்ளே இருப்பது பிழைப் பதிவு என்றே பொருள். பிட் 58 எழுந்திருந்தால்தான் பக்கத்து ரெஜிஸ்டரில் உள்ள முகவரியை நம்பலாம். பிட் 59 அதேபோல் கூடுதல் விவர ரெஜிஸ்டருக்கு. பிட் 62 எழுந்திருந்தால், இதைப் படிப்பதற்குள் வேறு பிழையும் வந்து இடமில்லாமல் போனது என்று அர்த்தம். யுஇஎஃப்ஐ பதிவுகளிலும் இப்படியே, ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் எந்தப் புலம் செல்லும் என்று சொல்லும் பிட்கள் இருக்கின்றன.

இதில் நான் பட்டது ஒன்று. வேலை செய்த இடத்தில் நாங்களே எழுதிய ஒரு சிறு கருவி, நினைவகப் பிழை வந்தால் எந்தச் செருகுதளம் என்று அச்சிடும். ஃபர்ம்வேர் அந்தப் புலத்தை நிரப்பாதபோது அதில் 0 இருக்கும். கருவி செல்லுபடிக் கொடியைப் பார்க்காமல் 'செருகுதளம் 0' என்று அச்சிட்டது. செருகுதளம் 0 உண்மையிலேயே இருக்கிற ஒன்று என்பதுதான் சோகம். இரண்டு முறை அங்கிருந்த நல்ல தட்டைக் கழற்றி மாற்றினோம். மூன்றாவது முறையும் அதே வரி வந்தபோதுதான் யாரோ ஒருவர் மூலப் பதிவை எடுத்துப் பார்த்தார். அந்தக் கருவியை மதிப்பாய்வு செய்தவன் நான். வரி படிக்க அழகாக இருந்தது, ஏற்றுக்கொண்டேன்.

இனி சி நிரல். இங்கே நீங்கள் என்னைவிடத் தேர்ந்தவராக இருக்கலாம், ஆனால் இந்த வகை பேட்சில் அடிக்கடி வரும் இடறல்கள் சில இருக்கின்றன. எழுந்த பிட்களை ஒவ்வொன்றாக எடுக்க, கர்னலில் அதற்கென்று உள்ள மேக்ரோவைப் பயன்படுத்துவார்கள். அது நீள முழு எண்ணின் பாயின்டரைத்தான் எதிர்பார்க்கும். பேட்ச் எழுதியவர் ஒரு பைட்டின் முகவரியையோ 32 பிட் எண்ணின் முகவரியையோ வலுக்கட்டாயமாக வகைமாற்றிக் கொடுத்திருந்தால், 64 பிட் எந்திரத்தில் அது 8 பைட்டைப் படிக்கும். எட்டே பிட்களைப் பாருங்கள் என்று எல்லை கொடுத்தாலும் படிப்பது 8 பைட்தான். சோதனையில் பெரும்பாலும் சரியாகவே ஓடும், அதனால்தான் இது தப்பித்துப் போகிறது. மதிப்பை முதலில் ஒரு நீள முழு எண் மாறியில் பிரதியெடுத்து, அந்த மாறியின் முகவரியைக் கொடுப்பதே சரி. பிசிஐ எக்ஸ்பிரஸ் பிழைகளை அச்சிடும் கர்னல் கோப்பில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல முன்மாதிரி.

அதே கோப்பு இன்னொன்றையும் கற்றுத்தரும். பிசிஐ எக்ஸ்பிரஸின் திருத்தப்பட்ட பிழைகளில் பிட் 0 பெறுநர் பிழை. அதற்கடுத்துப் பொருளுள்ளது பிட் 6, பிறகு 7, 8, அப்புறம் 12. நடுவில் வெற்றிடங்கள். பெயர்ப் பட்டியலிலும் அந்த இடங்கள் வெறுமையாகவே இருக்கும். வெறுமையான பாயின்டரை அப்படியே அச்சிடக் கொடுத்தால் லாகில் 'நல்' என்று விழும். பட்டியலின் நீளத்தைத் தாண்டிய பிட் வந்தால் அதைவிட மோசம். எல்லைச் சோதனை, வெறுமைச் சோதனை இரண்டும் இருக்கின்றனவா பாருங்கள். பெயரில்லாத பிட் எழுந்திருந்தால் பேட்ச் அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகிறதா என்றும் பாருங்கள். அப்படித் தாண்டக் கூடாது. அடுத்த தலைமுறை வன்பொருள் புதிய பிட் ஒன்றை எழுப்பும் நாளில் லாகுக்கு அது ஒன்றே செய்தி. ஒரு பிட்டும் எழாதபோது என்ன அச்சாகிறது என்பதும் பார்க்கத் தக்கது. 'பிழை வகை:' என்று எழுதிவிட்டு வெற்றாக நிற்கும் வரியைப் பார்த்து நான் பலமுறை விழித்திருக்கிறேன்.

பெயர்களை ஒட்டும் ஃபங்ஷனில்தான் உண்மையான ஆபத்து ஒளிந்திருக்கும். பஃபரில் எழுத்துகளை எழுதும் எஸ்என்பிரின்ட்எஃப் ஃபங்ஷன் திருப்பித் தருவது எழுதிய எழுத்துகளின் எண்ணிக்கை அல்ல. இடம் இருந்திருந்தால் எவ்வளவு எழுதியிருக்கும் என்ற எண்ணிக்கை. அதைக் கூட்டிக்கொண்டே போனால், பஃபர் நிரம்பியபின் கூட்டுத்தொகை பஃபரின் அளவைத் தாண்டும். அளவிலிருந்து அதைக் கழித்தால், குறியில்லா எண் என்பதால் எதிர்மறைக்குப் போகாமல் பிரம்மாண்டமான எண்ணாகிவிடும். கர்னல் இந்த அளவை நம்பாது. எச்சரிக்கை ஒன்றை அச்சிட்டுவிட்டு 0 திருப்பித் தரும். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் எச்சரிக்கை வந்தாலே எந்திரத்தை நிறுத்திவிடு என்று அமைத்து வைத்திருக்கும் சர்வர்கள் உண்டு. அங்கே, வன்பொருள் தானே திருத்திக்கொண்ட ஒரு சாதாரணப் பிழை, அதை அழகாக அச்சிடப் போன நம் நிரலால் முழு எந்திரத்தையும் கவிழ்க்கும். உண்மையில் எழுதியதை மட்டும் எண்ணித் தரும் எஸ்சிஎன்பிரின்ட்எஃப் இருக்கிறது. கேட்டு மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய பிறகும், எல்லாப் பிட்களும் ஒருசேர எழுந்தால் பெயர்களும் நடுவே வரும் பிரிப்புக் குறிகளும் பஃபரில் அடங்குமா என்று ஒரு முறை கையால் கூட்டிப் பாருங்கள். நான் காகிதத்தில்தான் கூட்டுவேன்.

பஃபர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஃபங்ஷனுக்குள் ஸ்டாட்டிக் என்று அறிவித்திருந்தால், இரண்டு செயலிகள் ஒரே நேரத்தில் பிழை அறிவிக்கும்போது இரண்டின் பெயர்களும் ஒன்றோடொன்று கலக்கும். வன்பொருள் பிழைகள் தனித்தனியாக வருவதில்லை, கூட்டமாகத்தான் வரும். ஸ்டாக்கில் சில நூறு பைட் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

இந்த ஃபங்ஷன் எந்தச் சூழலிலிருந்து அழைக்கப்படுகிறது என்று கேட்காமல் விடாதீர்கள். எக்ஸ்86இல் எந்திரச் சோதனை விதிவிலக்கு (வன்பொருள் பிழையைச் செயலி அறிவிக்கும் குறுக்கீடு), எண் 18, எந்த நொடியிலும் குறுக்கே விழும். அப்போது செயலி எந்தப் பூட்டைப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் காத்திருக்கும் பூட்டு எடுப்பதோ, தூங்கக்கூடிய வகையில் நினைவகம் கேட்பதோ ஆகாது. கர்னலின் வழக்கம், உயிருக்கு ஆபத்தில்லாத பிழையின் மூலப் பதிவை முன்பே ஒதுக்கிவைத்த இடத்தில் போட்டுவிட்டு, நிதானமான சூழலுக்கு வந்தபின் பொருள் சொல்லி அச்சிடுவது. உங்கள் பேட்ச் இரண்டாவது இடத்தில் இருந்தால் நிம்மதி. முதலாவது இடத்தில் இருந்தால், அந்தத் துணை அமைப்பின் பராமரிப்பாளர் பார்க்காமல் நீங்களோ நானோ தலையாட்டக் கூடாது.

அச்சிடும் முறையைப் பற்றிச் சுருக்கமாக. ஒரே வரியைத் துண்டு துண்டாகத் தொடர்ந்து அச்சிட்டால் நடுவே வேறு செயலியின் வரி நுழையும். முழு வரியையும் கட்டி ஒரே தடவையில் அச்சிடச் சொல்லுங்கள். திருத்தப்பட்ட பிழைகள் வெள்ளமாக வரும், ஆகவே குறித்த நேரத்துக்குள் இத்தனை செய்திதான் என்ற கட்டுப்பாடு வேண்டும். கர்னலின் இயல்புநிலை 5 நொடிக்கு 10 செய்திகள். ஒரு பிழைக்கு ஐந்து வரிகள் அச்சிடும் பேட்சில் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகக் கட்டுப்பாடு போட்டிருந்தால், ஒரு பிழையின் முதல் வரியும் வேறு பிழையின் கடைசி வரியும் மட்டும் லாகில் தங்கி ஒரே பிழைபோலத் தோன்றும். தொடக்கத்தில் ஒரே ஒரு முறை கேட்டு, அனுமதி கிடைத்தால் ஐந்தையும் அச்சிடுவது, இல்லையென்றால் ஐந்தையும் விடுவது என்பதே சரி. நினைவக முகவரியை பாயின்டருக்கான வடிவக் குறியால் அச்சிட்டிருந்தால் அதையும் பிடியுங்கள்: 2018 தொடக்கத்தில் வந்த 4.15 முதல் அந்தக் குறி உண்மையான மதிப்பைக் காட்டாமல் குழப்பிய மதிப்பைத்தான் அச்சிடும். பிழை வந்த முகவரியே தெரியாத பிழைப் பதிவால் யாருக்கும் பயனில்லை. செய்தியைக் கொண்ட சரத்தை, வரி நீளமாகிறது என்பதற்காக இரண்டாக உடைக்க வேண்டாம், தேடும்போது அகப்படாது. கர்னலின் நிரல் நடை ஆவணமே இதைச் சொல்கிறது.

இனிச் சொல்வது உறுதி அல்ல, என் விருப்பம். பொருள் சொல்லும் வேலை கர்னலுக்குள் இருக்க வேண்டுமா, வெளியே உள்ள கருவிக்கு விடலாமா? ஒரு காலத்தில் எக்ஸ்86 கர்னல், எந்திரம் விழும்போது எண்களை மட்டும் அச்சிட்டுவிட்டு, மேலே உள்ளதை எம்சிஇலாக் கருவிக்குக் கொடுத்துப் பாருங்கள் என்று ஒரு வரி சேர்க்கும். இன்று ராஸ்டீமன் போன்ற கருவிகள் கர்னல் தன் நிகழ்வுகளை வெளியே தரும் தடப்புள்ளிகள் வழியே மூலப் பதிவை வாங்கி, தாங்களே பொருள் சொல்லிச் சேமிக்கின்றன. எந்திரம் உயிரோடு இருக்கும் பிழைகளுக்கு அதுவே எனக்குப் பிடித்த வழி. பெயர்ப் பட்டியல் மாறினால் கருவியை மட்டும் புதுப்பித்தால் போதும். ஆனால் எந்திரம் விழும்போது வெளிக்கருவி ஓடாது. திரையில் கடைசியாக நின்ற வரிகளை யாரோ கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவதே மிச்சம். அங்கே நாலு சொற்கள் இருப்பது பெரிய உதவி. ஆகவே பதிப்புக்குப் பதிப்பு மாறாத, பொது வரையறையில் உள்ள சில பெயர்களுக்குக் கர்னலில் இடம் கொடுப்பேன். ஒரு மாடலுக்கே உரிய நீண்ட வாக்கியங்களுக்குக் கொடுக்க மாட்டேன். இதில் என்னோடு உடன்படாத அனுபவசாலிகள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒரு எச்சரிக்கை மட்டும்: பேட்ச் தடப்புள்ளியின் புலங்களை மாற்றுகிறது என்றால் விஷயம் கனமாகிறது. லாக் வரியை மாற்றினால் யாரோ ஒருவரின் ஸ்கிரிப்ட் உடையும், மன்னிப்புக் கேட்கலாம். தடப்புள்ளியை நம்பி நிற்கும் கருவி உடைந்தால், மாற்றத்தைத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள்.

சோதித்தாரா என்று கேளுங்கள், எப்படிச் சோதித்தார் என்றும் கேளுங்கள். ஃபர்ம்வேரின் ஏசிபிஐ இடைமுகம் வழியாகப் பிழையைச் செலுத்தும் வசதி, ஃபர்ம்வேர் அனுமதித்தால், கர்னலில் இருக்கிறது. எக்ஸ்86 பிழைகளுக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பிழைகளுக்கும் தனித்தனிச் செலுத்திகளும் உண்டு. எதுவும் கைக்கு எட்டாவிட்டால், பொருள் சொல்லும் ஃபங்ஷனை மட்டும் தனியே எடுத்து 0 முதல் 255 வரை எல்லா மதிப்புகளையும் கொடுத்துப் பார்க்கலாம். ஒரு பைட் என்பதால் நீங்களே செய்து முடிக்கலாம். பேட்சின் விளக்கத்தில் மாற்றத்துக்கு முன் வந்த லாக் வரி, பின் வந்த லாக் வரி இரண்டும் இருக்க வேண்டும் என்று நான் எப்போதும் கேட்பேன். பாதிப் பிழைகள் அந்த இரண்டு வரிகளை அருகருகே வைத்த உடனே கண்ணில் படும்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். கர்னலில் 'மதிப்பாய்வு செய்தேன்' என்ற குறிக்குத் திட்டமான பொருள் உண்டு. கர்னல் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. தொழில்நுட்ப ரீதியாகப் பார்த்தேன், கண்ட குறைகளைச் சொல்லிவிட்டேன், எனக்குத் தெரிந்த சிக்கல் ஏதும் மிச்சமில்லை, இது சேர்க்கத் தக்கது என்பதே அதன் சாரம். எல்லாச் சூழலிலும் சரியாக இயங்கும் என்று உத்தரவாதம் தரவில்லை என்பதும் அதே உரையில் இருக்கிறது. ஆகவே வன்பொருள் நிபுணராக இல்லாததால் நீங்கள் விலகி நிற்கத் தேவையில்லை. ஆனால் எதைப் பார்த்தீர்கள், எதைப் பார்க்கவில்லை என்று எழுதுங்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: 'பஃபர் கணக்கு, பிட் சுற்று, எல்லைச் சோதனை ஆகியவற்றைப் பார்த்தேன். 256 மதிப்புகளையும் ஓட்டிப் பார்த்தேன். பெயர்ப் பட்டியலை ஆவணத்தின் இந்தப் பதிப்போடு ஒப்பிட்டேன். பழைய ஃபர்ம்வேர் இதே பைட்டை வேறு விதமாக நிரப்புமா என்பது எனக்குத் தெரியாது, அதைத் தெரிந்தவர் ஒருவர் பார்க்க வேண்டும். மூல எண் இப்போது அச்சாகவில்லை. அதைத் திரும்பச் சேர்த்து அடுத்த பதிப்பை அனுப்பினால் என் குறியைத் தருகிறேன்.'